மசில் கார் ஆசை: அசலா, நகலா, ரெஸ்டோமாடா, புதுசா?

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூ ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் சும்மா வீடு திரும்புவதில்லை. டெட்ராய்ட்டிலிருந்து பான்டியாக் ஊர் வரை போகும் அந்தச் சாலையில்தான், 1995-ல் தொடங்கிய ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கிறது. பார்த்துவிட்டுப் போனவர்களில் யாராவது ஒருவர் அடுத்த வாரமே எனக்கு போன் செய்வார். "அண்ணா, ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். 69 ஷெவர்லே கமாரோ. என்ன சொல்றீங்க?"

மிச்சிகனில் கார் கம்பெனிகளிலும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் இடங்களிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய. பகலெல்லாம் எலெக்ட்ரிக் காருக்கு சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, ராத்திரியில் 50 வருடத்துக்கு முந்தைய வி8 இன்ஜினுக்கு ஏங்குகிறோம். இத்தனைக்கும் நாம் வளர்ந்தது அம்பாசடரிலும் பத்மினியிலும். இரவல் ஏக்கம்தான் இது. குழப்பம் வருவதும் அதனால்தான். இந்த ஊர்க்காரருக்குத் தன் அப்பாவோ மாமாவோ ஓட்டிய வண்டி எதுவென்று தெரியும், அதையே தேடிப் போவார். நமக்கோ எல்லாமே பிடித்துவிடுகிறது.

## எதை மசில் கார் என்கிறோம்

ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிராண்ட் 1964-ல் விட்ட ஜிடிஓ காரிலிருந்து கணக்கு வைப்பது வழக்கம். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு விதி வைத்திருந்தது. அப்போது பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவருடைய ஆட்கள் பெரிய காரின் 389 கன அங்குல இன்ஜினை, அதாவது 6.4 லிட்டரை, டெம்பெஸ்ட் காருக்கு ஒரு 'ஆப்ஷன்' என்ற பெயரில் நுழைத்தார்கள். விதி மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே! 325 குதிரைத்திறன், மூன்று கார்புரேட்டர் வேண்டுமென்றால் 348. முதல் வருடமே 32,000-க்கு மேல் விற்றது.

பெரிய இன்ஜின், நடுத்தர உடம்பு, இளைஞன் தவணை கட்டி வாங்கக்கூடிய விலை. சூத்திரம் அவ்வளவுதான். 1970-ல் ஷெவர்லேயின் ஷெவெல் எஸ்எஸ் 454 எல்எஸ்6 என்று 450 குதிரைத்திறன் வரை போனார்கள். அப்புறம் இன்ஷூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தை ஏற்றினார்கள், சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது, 1971-ல் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள், 1973-ல் எண்ணெய் நெருக்கடி. கடை மூடியாயிற்று.

அந்தக் குதிரைத்திறன் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்ஸர் எதுவும் இல்லாமல் இன்ஜினை ஸ்டாண்டில் வைத்து அளந்த 'கிராஸ்' எண்கள் அவை. எல்லாவற்றையும் பூட்டி அளந்தால் 'நெட்'. 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு கணக்கும் கொடுத்தது. அதே 454 எல்எஸ்5 இன்ஜின் கிராஸில் 365, நெட்டில் 285. இன்றைக்கு ஷோரூமில் பார்க்கும் எண்கள் எல்லாமே நெட்.

## முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவை

எதற்கு ஏங்குகிறீர்கள்? சத்தமா, தோற்றமா, வேகமா, சரித்திரமா, கையில் கிரீஸ் ஒட்டும் சுகமா? 'எல்லாமும்' என்று சொல்பவர்கள்தான் இரண்டு வருடத்தில் விற்கிறார்கள்.

வருடத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் ரோட்டில் உப்புக் கொட்டிக் கிடக்கும். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, அப்புறம் கேட்க வேண்டுமா? பழைய வண்டியை அந்த ஆறு மாதமும் வெளியே எடுக்க முடியாது. மிச்சிகனில் 25 வயது தாண்டிய வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கிளப் நிகழ்ச்சி, கண்காட்சி, ஊர்வலத்துக்குத்தான் அதை வைத்து ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு. வேலைக்கு ஓட்டிப் போக நினைத்தால் சாதாரண பிளேட்தான்.

வாங்கிய பிறகு ஆகும் செலவு. விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். கராஜ் இடம், இன்ஷூரன்ஸ், பெட்ரோல், டிங்கரிங், டயர் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் குறைவு.

யார் ரிப்பேர் பார்ப்பது? கார்புரேட்டர் ட்யூன் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு இப்போது வயது எழுபதைத் தொடுகிறது.

கூட யார் உட்காரப் போகிறார்கள்? 1969-க்கு முந்தைய பல வண்டிகளில் ஹெட்ரெஸ்ட் கிடையாது, சீட் பெல்ட் இடுப்புக்கு மட்டும். குழந்தையின் கார் சீட்டைப் பின்னால் கட்டலாம் என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம்.

அவசரக்காரர்களுக்காக ஒரு அட்டவணை. நகல் என்றால் சாதாரண ரகத்தை மசில் கார் போல மாற்றியது, ரெஸ்டோமாட் என்றால் பழைய உடம்புக்குள் புது இன்ஜின்:

| | அசல் | நகல் அல்லது 'ஓட்டுற வண்டி' | ரெஸ்டோமாட் | புது வண்டி |
|---|---|---|---|---|
| வாங்கும் செலவு | மிக அதிகம் | நடுத்தரம் | மிக அதிகம் | தெரிந்த விலை, கடனும் கிடைக்கும் |
| மறைந்திருக்கும் செலவு | காகிதம், நிபுணர், பயம் | பட்டிக்கு அடியில் துரு | சங்கிலியாக வரும் வேலை | தேய்மானம், இன்ஷூரன்ஸ் |
| பழைய வாசனை | முழுசாக | கிட்டத்தட்ட முழுசாக | கண்ணுக்கு மட்டும் | சாயல் |
| பிரேக், பாதுகாப்பு | பயம் வேண்டும் | கொஞ்சம் மேம்படுத்தலாம் | நன்று | மிக நன்று |
| விற்கும்போது | மதிப்பு நிற்கும் | போட்டதில் பெரும்பகுதி வரும் | போட்டது வராது | மற்ற காரைப் போலத்தான் |

## அசல்: இன்ஜின் நம்பர் முதல் ஒத்துப்போகும் வண்டி

தொழிற்சாலையிலிருந்து வந்த அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ், முத்திரை எண்களும் தேதிகளும் ஒத்துப்போக வேண்டும். பணத்தில் இதன் உச்சி எங்கே இருக்கிறது என்றால், கிரைஸ்லரின் ஹெமி என்ற பெரிய இன்ஜின் போட்ட 1971 பிளைமவுத் குடா கன்வர்டிபிள் ஒன்று 2014-ல் சியாட்டிலில் நடந்த ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. மொத்தம் செய்ததே ஏறத்தாழ ஒரு டஜன்தான். நாம் பேசுவது அதைப் பற்றி இல்லை என்றாலும், அதே பைத்தியம் கீழ் மட்டத்திலும் வேலை செய்கிறது. எண் ஒத்துப்போகும் வண்டிக்கும் ஒத்துப்போகாத வண்டிக்கும் விலையில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளி இருக்கும் வரை எண்ணைத் திருத்திக் குத்துகிறவர்களும் இருப்பார்கள்.

ஆகவே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1966-லிருந்து ஜிடிஓவின் அடையாள எண் 242 என்று தொடங்கும். 1964, 65-ல் அது வெறும் ஆப்ஷன் என்பதால் எண்ணில் தெரியாது. ஷெவெல் எஸ்எஸ் 396-க்கு 1966 முதல் 68 வரை 138 என்று தொடங்கும், 1969 முதல் அதுவும் போய்விட்டது. கமாரோ இசட்/28? 1969 வரை எண்ணைப் பார்த்து வி8 என்று மட்டும்தான் சொல்ல முடியும். கிரைஸ்லர் வண்டிகள்தான் இந்த விஷயத்தில் நேர்மை: ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும், 1970, 71 ஹெமி என்றால் ஆர். ஃபோர்டில் 1967 முதலான வண்டிகளுக்கு, தொழிற்சாலைப் பதிவை வைத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். பான்டியாக்குக்கு அதே மாதிரி பிஹெச்எஸ் (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) காகிதம் உண்டு. "பேப்பர் எங்கேயோ வெச்சிருக்கேன், தேடித் தரேன்" என்று விற்பவர் சொன்னால், பேப்பர் இல்லாத வண்டியின் விலையைத்தான் பேச வேண்டும்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது நிபுணரை வைத்துப் பார்ப்பது. இரண்டாவது, தேதி முத்திரை பொருந்தும் உதிரிபாகம். சாதாரண ஆல்டர்னேட்டர் சில நூறு டாலருக்குள் முடிந்துவிடும், அந்த மாதத்தின் முத்திரை உள்ளது வேண்டுமென்றால் விற்பவன் வைத்ததுதான் விலை. மூன்றாவது பயம். நண்பர் ஒருவர் அசல் பிளைமவுத் ரோட் ரன்னர் வைத்திருக்கிறார். 1968-ல் வந்தபோது 3,000 டாலருக்குக் கீழே விற்ற, வெறும் பெஞ்ச் சீட் போட்ட, முரட்டு வண்டி அது. கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, ஹாரனையும் 'பீப் பீப்' என்று வைத்தார்கள். இளவட்டங்கள் ரோட்டில் கூத்தடிக்கச் செய்த வண்டி. நண்பர் அதை மேகம் பார்த்து, ரோடு பார்த்து, பார்க்கிங் பார்த்து வருடத்துக்கு நான்கு முறை எடுக்கிறார். ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை.

யாருக்கு இது சரி? வேறு கார் இருக்கிறது, சூடான கராஜ் இருக்கிறது, காகிதம் தேடுவதிலேயே சுகம் காண்பவர் என்றால் இதுதான். பத்து வருடம் வைத்திருந்தால் போட்ட பணம் பெரும்பாலும் பத்திரம். ஓட்டுவதற்காக வாங்குகிறவர் தள்ளி நில்லுங்கள்.

## நகல்: குளோன், ட்ரிப்யூட், இன்ஜின் மாறிய வண்டி

பான்டியாக்கின் சாதாரண ரகமான டெம்பெஸ்ட் அல்லது லீமான்ஸ் காரை எடுத்து ஜிடிஓ மூக்கு, பேட்ஜ், பான்டியாக் 400 இன்ஜின் போட்டது. சாதாரண ஷெவெலான மாலிபுவை எஸ்எஸ் ஆக்கியது. அசல் ஜிடிஓவேதான் ஆனால் எழுபதுகளில் யாரோ இன்ஜினைப் புகையவிட்டு வேறு போட்டது. கிளப்காரர்கள் இவற்றைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சுளிப்பவர்களிடம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை பான்டியாக் ஜிடிஓவை ஃபெராரி ஜிடிஓவோடு வைத்துப் பேசியது. பான்டியாக் 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் தொட்டது என்று எழுதினார்கள், ஊரே பேசியது. அந்த வண்டியைத் தயார் செய்து கொடுத்தது ராயல் ஓக்கில் இருந்த ராயல் பான்டியாக் என்ற டீலர்ஷிப். ராயல் ஓக் அந்த உட்வர்ட் சாலையிலேயே இருக்கும் ஊர்தான். உள்ளே இருந்தது 389 இல்லை, 421 கன அங்குல இன்ஜின் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டவர் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்ட ஜிம் வாங்கர்ஸ். ஆக, மசில் கார் என்ற பெயரை உலகுக்குச் சொன்ன வண்டிக்கே இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாது.

சாவியைத் திருப்பியதும் கிடைப்பது அசலிலும் நகலிலும் ஒன்றுதான். பச்சைப் பெட்ரோல் வாசனை, சூடாகாத இன்ஜினின் தடுமாற்றம், நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் மொத்த உடம்பும் வலது பக்கம் சாய்ந்து நிமிர்வது. பேட்ஜ் எந்த வருடம் ஒட்டியது என்று உங்கள் முதுகெலும்புக்குத் தெரியாது.

இங்கே பண விரயம் துருவில்தான். போன வருடம் ஒருவருக்காக ஷெவெல் ஒன்றைப் பார்க்கப் போனேன். கண்ணாடி போல பெயின்ட். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பின் சக்கரத்துக்குப் பின்னால், கீழ் ஓரத்தில் வைத்தேன். ஒட்டாமல் வழுக்கிப் புல்லில் விழுந்தது. நாலு விரற்கடை மேலே வைத்தேன், அங்கேயும் விழுந்தது. தகடே இல்லை, அத்தனையும் பட்டி. டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினால் ஸ்டெப்னி வைக்கும் குழியில் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தது. எங்கே புதுக் கறுப்பு இருக்கிறதோ அங்கே கேள்வி கேளுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கவுல் பகுதி, தரைத் தகடு, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், சேஸிஸின் பின்பகுதி. உடம்பு வேலையும் பெயின்ட்டும் ஒழுங்காகச் செய்ய 15,000 முதல் 30,000 டாலர் சர்வசாதாரணம். இன்ஜின் ஓவர்ஹால் அதைவிட மலிவு. அதனால் உடம்பு நன்றாக இருந்து இன்ஜின் புகை விடும் வண்டியை வாங்குங்கள், மாற்றி வாங்காதீர்கள்.

வாங்கியதும் நான் செய்யச் சொல்லும் வேலைகள், எல்லாமே கழற்றிப் பழையபடி ஆக்கக்கூடியவை. முதலாவது பிரேக். 1966 வரை பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்கே ஒரு குழாய் கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், நான்கு சக்கரமும் கையை விரிக்கும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் முன்பக்கம் டிஸ்க்கும் முதல் வாரத்திலேயே போட வேண்டும். அப்புறம் ரேடியல் டயர், பாயின்ட் செட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், எத்தனால் கலந்த பெட்ரோல் அரிக்காத ரப்பர் குழாய்கள், அந்தக் காலத்து கேம்ஷாஃப்டுக்குத் துத்தநாகம் சேர்ந்த ஆயில். இன்ஜின் ஹெட்டை எப்போதாவது கழற்றினால் கடினமான வால்வ் சீட். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த இன்ஜின்கள் இவை, அது அமெரிக்க ரோடுகளில் 1996 தொடக்கத்தோடு முடிந்துபோனது.

ஒரே எச்சரிக்கை: நகலை நகல் விலைக்கு வாங்கி, நகல் என்றே சொல்லி விற்க வேண்டும். லீமான்ஸ் என்று பதிவாகி இருக்கும் வண்டியை ஜிடிஓ விலைக்குத் தள்ளப் பார்ப்பவரிடம் நின்று பேச வேண்டாம்.

## ரெஸ்டோமாட்: பழைய கூடு, புது உயிர்

1969 கமாரோ உடம்புக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் நவீன வி8 ஆன எல்எஸ்3, அதாவது 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். ஆறு கியர், பெரிய டிஸ்க், ஏசி. பொத்தானைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும், ட்ராஃபிக்கில் சூடாகாது. பழைய உடம்புகூட அவசியமில்லை, 67 கமாரோ, மஸ்டாங் போன்றவற்றின் முழு உடம்பையும் புதுத் தகட்டில் அடித்து விற்கிறார்கள்.

யானை வாங்கியவர் அங்குசத்துக்கு அல்லாடும் கதை இங்கேதான் நடக்கும். இன்ஜினும் அதோடு வரும் சாமானும் 10,000 டாலரைத் தாண்டும். அதைப் போட்டால் டேங்குக்குள் அழுத்தம் கூடிய பம்ப் வேண்டும். கியர்பாக்ஸ் பெரிது, தரைத் தகட்டை வெட்ட வேண்டும். டிரைவ்ஷாஃப்ட் நீளம் மாறும். பின் ஆக்ஸில் தாங்காது. ஆக்ஸில் மாற்றினால் வீல் பொருந்தாது. மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் ஆகியவற்றுக்குத் தனிச் சேஸிஸ் முழுதாகக் கிடையாது, இவ்வளவு இழுவைக்கு உடம்பே முறுக்கும், அடியில் இணைப்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும். கடைசியில் ஒரு லட்சம் டாலர் சத்தமில்லாமல் தாண்டிவிடும். விற்கும்போது வாங்க வருபவர், "எனக்கு இந்தக் கலர் பிடிக்கலையே" என்பார்.

பலரும் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. மூன்று கம்பெனி சாமானை ஒருவர் தன் யோசனைப்படி ஒயரிங் செய்திருப்பார். அதற்கு சர்வீஸ் மேனுவல் கிடையாது. செய்தவர் தொழிலை விட்டுவிட்டால், நடுவழியில் நின்ற வண்டியை டீலரும் தொடமாட்டார், பழைய மெக்கானிக்கும் தொடமாட்டார்.

இருந்தாலும், நீண்ட தூரம் ஓட்ட ஆசை, பக்கத்தில் உட்காரும் மனைவிக்கு ஏசி வேண்டும், காசும் இருக்கிறது என்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. நீங்களே செய்யாமல், இன்னொருவர் செய்து முடித்து அலுத்துப்போனதை வாங்குங்கள். அவர் போட்ட பணத்தில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும். ஒயரிங் வரைபடம், உதிரிபாகப் பட்டியல் இரண்டும் சேர்த்துக் கேளுங்கள். எண் ஒத்துப்போகும் வண்டியை மட்டும் இதற்காக வெட்டிவிடாதீர்கள். அது பாவம்.

## புது வண்டி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாட்ஜ் சேலஞ்சர் 2023-ல் நின்றது, கமாரோ 2024 மாடலோடு போனது. புதிதாக வி8 வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பக்கத்து ஃபிளாட் ராக்கில் செய்யும் மஸ்டாங் ஜிடி: 5 லிட்டர், 480 குதிரைத்திறன், விலை 45,000 டாலருக்கு மேல். டாட்ஜின் எலெக்ட்ரிக் சார்ஜர் டேடோனாவில் செயற்கை எக்ஸாஸ்ட் சத்தம் வைத்திருக்கிறார்கள். நான் கேட்டேன். கச்சேரியை ஹால் வாசலில் நின்று கேட்பது மாதிரி இருந்தது.

வேகம்தான் ஏக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்தக் காலத்து ஜாம்பவான்கள் கால் மைலை 13, 14 நொடியில் ஓடினார்கள். இன்றைய ஜிடி அதை 12 சொச்சத்தில், ஏசியைப் போட்டுக்கொண்டே ஓடிவிடும். ஏர்பேக் உண்டு, வாரன்ட்டி உண்டு. யாராவது ஓட்டிய சேலஞ்சரை வாங்குவதானால், ஹெல்கேட் என்ற மிக வலுவான இன்ஜின் உள்ளதற்கு முதலில் இன்ஷூரன்ஸ் விலையைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். திருடர்களுக்கும் மசில் கார் பிடிக்கும்.

## தொடவே கூடாதது

பாதி பிரித்து, பெட்டி பெட்டியாக சாமானோடு "எல்லாம் இருக்கு, சேர்த்தா போதும்" என்று விற்கும் புராஜெக்ட் வண்டி. எல்லாம் இருக்காது. இருந்திருந்தால் அவரே சேர்த்திருப்பார்.

## போன் செய்தவர் என்ன செய்தார்

69 கமாரோ என்று ஆரம்பித்தவரிடம் மேலே இருக்கும் கேள்விகளைக் கேட்டேன். இரண்டு குழந்தைகள், வீட்டில் ஏற்கெனவே இரண்டு கார், கராஜில் ஒரு இடம் காலி, கையில் ஸ்பேனர் பிடிக்க ஆசை. ஏங்கியது சத்தத்துக்கு. ஆறு மாதம் தேடி, 1968 லீமான்ஸ் ஒன்றை வாங்கினார். ஜிடிஓ மூக்கு, 400 இன்ஜின், விற்றவரே "நகல்தான்" என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. கூரையில் பெயின்ட் உரிகிறது, அதனால் மழை வந்தாலும் அவர் பதறுவதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். "அண்ணா, சாவி திருப்பறதுக்கு முன்னாடி ஆக்ஸிலரேட்டரை எத்தனை தடவை மிதிக்கணும்?"

குளிர்ந்து கிடந்தால் இரண்டு. சூடாக இருந்தால் தொடவே வேண்டாம், பெட்ரோல் மண்டிவிடும்.